மறதியும் சரணமும்

(பௌர்ணமி நாள் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஆழ்ந்த தத்துவம் அன்று. வயது முதிர்ந்த ஒரு தாயைப் பற்றியும், அவர் பாடிய பாட்டைப் பற்றியும், அப்பாட்டைப் பாதியிலே நிறுத்திய ஒரு மூடனைப் பற்றியும் சொல்லப் போகிறேன். அத்தாய் என்னை ஈன்ற அன்னையார். மூடன் யாரென்று சொல்ல வேண்டுவதில்லை.

யான் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி சென்றவனல்லன். பெங்களூரில் ஒரு துணி ஆலையின் தறிக்கூடத்தில் பதினெட்டாம் வயதில் சேர்ந்து, அவ்வாலை மூடப்படும் வரையில் நாடாவின் ஓசையிலேயே வாழ்ந்தவன். தம்ம நூல்களைக் கற்றதெல்லாம் ஷிப்டு முடிந்து வந்த பின்னர்தான். ஆகையால் என் சொல்லிலே பிழை இருப்பின் பொறுத்துக்கொள்ளுங்கள். பொருளிலே பிழை இருப்பின் எழுந்து நின்று கேளுங்கள்.

அன்னையாருக்கு இப்பொழுது வயது 82. கோலார் தங்கவயலில், பழைய சுரங்கத் தொழிலாளர் லைன் வீடொன்றில், என் தங்கையின் குடும்பத்தோடு இருக்கிறார். ஞாயிறுதோறும் யான் இரயிலேறிப் பங்காருப்பேட்டை சென்று, அங்கிருந்து உரிகம், சாம்பியன் வழியாக மாரிக்குப்பத்தில் முடியும் கிளைப்பாதையில் சென்று அவரைப் பார்த்து வருவது வழக்கம். சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு மூடப்பட்ட பின், அவ்வூரார் ஆயிரக்கணக்கில் நாள்தோறும் அதே பாதையில் பெங்களூருக்கு வேலைக்கு வந்து திரும்புகின்றனர் என்பதை நீங்கள் அறிவீர்கள். அவர்கள் பிழைக்க வரும் வழியிலே யான் தாயைக் காணச் செல்கிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நோய் தொடங்கிற்று. முதலில் குழம்பில் உப்பு இரு முறை விழுந்தது. பிறகு கேட்ட கேள்வியையே நாழிகைக்கு ஒரு தரம் கேட்டார். பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர் போயிற்று. அதன் பின் என் பெயரும் போயிற்று. மருத்துவர் அதனை மறதி நோய் என்றார். 1906ஆம் ஆண்டு ஜெர்மனி தேசத்து மருத்துவர் அல்சைமர் என்பவர் முதன்முதல் எடுத்துரைத்த நோய் இதுவாம். நம் இந்தியாவில் 60 வயது கடந்தவர்களில் ஏறக்குறைய 88 இலட்சம் பேர், அதாவது நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்று மேல், இவ்வகை மறதி நோய்களுக்கு ஆளாகியிருப்பதாக 2023இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிடுகிறது. ஆகவே இக்கூட்டத்திலும் இத்தகைய தாயையோ தந்தையையோ வீட்டிலே வைத்துக்கொண்டு வந்திருப்போர் சிலராவது இருப்பர். அவர்களை உத்தேசித்தே பேசுகிறேன்.

மாலை ஐந்து மணி ஆனதும் அன்னையார் வாசற்படிக்கு வந்துவிடுவார். "சங்கு ஊதிட்டாங்களா? அவரு வர்ற நேரம் ஆச்சே" என்பார். சுரங்கத்துச் சங்கு ஓய்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. என் தந்தையார் 1998இலேயே மறைந்துவிட்டார். தொடக்கத்தில் யான், "அப்பா இறந்துவிட்டாரே அம்மா" என்று உள்ளதை உள்ளபடி கூறுவேன். பொய் பேசேன் என்று சீலம் ஏற்றவனல்லவா! அதைக் கேட்டதும் அவர் அப்பொழுதுதான் முதன்முதல் கேட்பவரைப்போல் அலறி அழுவார். அரை மணியில் மறந்துவிட்டு, மறுபடியும் வாசலுக்கு வந்து சங்கைக் கேட்பார். மறுபடியும் யான் சொல்வேன். ஒரே மாலையில் ஒரு பெண்ணை மூன்று முறை விதவையாக்கினேன், சகோதரர்களே! என் தங்கைதான் என்னைத் தடுத்தாள். "சங்கு ஊதிட்டாங்களான்னுதானே கேக்கறாங்க அண்ணா? இன்னும் ஊதலன்னு சொல்லேன்" என்றாள். இன்னும் ஊதவில்லை, அம்மா! அதில் ஓர் எழுத்தும் பொய்யில்லை. நாலாவது சீலத்தைப் பற்றி யான் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். அதைக் காத்து நடப்பதற்கு இவ்வளவு எளிய வழி இருந்தது எனக்குத் தோன்றவில்லை. படிக்காத என் தங்கைக்குத் தோன்றிற்று.

இனி, பாட்டின் கதைக்கு வருகிறேன்.

என் தந்தை வழிப் பாட்டனார், அயோத்திதாசப் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்து வழியிலே தங்கவயலில் தம்மம் தழுவியவர்களின் கூட்டத்தைச் சேர்ந்தவர். பண்டிதர் 1898இல் சென்னையில் நட்ட அச்செடி, அவர் 1914இல் மறைந்த பின்னும் வாடாமல் நின்ற இடங்களுள் தங்கவயல் ஒன்று. அன்னையாரோ குடியாத்தத்துக்கு அருகில் ஒரு சிற்றூரின் சேரியிலே பிறந்தவர். 1962ஆம் ஆண்டு, தமது பத்தொன்பதாம் வயதில், மணமகளாக வந்து மணப்பந்தலிலேயே திரிசரணம் ஏற்றார். அதுவரையில் அவர் அறிந்ததெல்லாம் சேரியின் கோடியில் இருந்த மாரியம்மன் மேடையும், ஆடி மாதக் கும்மியும்தான். ஊர்ப் பெரிய கோயிலில் நம்மவர் நிற்கவேண்டிய இடம் எதுவென்பதை உங்களுக்கு யான் சொல்லத் தேவையில்லை. அந்த இடத்திலிருந்து நடந்து வந்துதான் இந்தச் சரணத்தை அடைந்தோம். ஆகையால் சரணம் நமக்கு வெறும் மந்திரம் அன்று. நாம் விலை கொடுத்துப் பெற்ற பெயர் அது.

இதனால்தான் எனக்குப் பயம் பிறந்தது. அன்னையார் என் பெயரை மறந்தபோது நெஞ்சு வலித்தது. ஆனால் திரிசரணத்தை மறந்தார் என்று கண்டபோது வலியோடு வேறொன்றும் சேர்ந்தது. ஐம்பது அறுபது ஆண்டுகள் பௌர்ணமி தவறாமல் ஓதியவர். இப்பொழுது அச்சொற்கள் போய்விட்டால், கடைசி மூச்சில் எதனை நினைப்பார்? ஒரு பிரசாரகனின் தாய் சரணம் இன்றிச் சாவதா? உண்மையை ஒளிக்காமல் சொல்கிறேன், இவ்விரண்டாவது கேள்வியில் தாயைப் பற்றிய கவலையைவிட என்னைப் பற்றிய கவலையே மிகுதி.

ஆகையால் என் ஞாயிற்றுக்கிழமைகள் பரீட்சை நாட்களாயின. சென்று அமர்ந்ததும், "நான் யார், சொல்லுங்கள்" என்பேன். "எங்கண்ணனா?" என்பார். "இல்லை, உங்கள் மகன். சரி, திரிசரணம் சொல்லுங்கள்" என்பேன். முதற்சொல்லை எடுத்துக்கொடுப்பேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். இதற்கு ஆதாரமாகப் பகவானின் வாக்கையே வைத்துக்கொண்டிருந்தேன். தாயை ஒரு தோளிலும் தந்தையை ஒரு தோளிலும் சுமந்து நூறாண்டு பணி செய்தாலும் அவர்கள் கடன் தீராது. சிரத்தை இல்லாதவரைச் சிரத்தையிலும், சீலம் இல்லாதவரைச் சீலத்திலும் நிலைநிறுத்துவோனே கடன் தீர்த்தவன் என்று அங்குத்தர நிகாயத்தில் பகவான் உபதேசித்திருக்கிறார். கடன் தீர்க்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, கடன் கேட்க வந்தவனைப்போல வாரந்தோறும் அவர் எதிரே அமர்ந்தேன். எனக்குச் சீலத்தைக் கற்பித்தவரே அவர்தான் என்பது அப்பொழுது நினைவுக்கு வரவில்லை. மறதி நோய் யாருக்கு என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு, பெங்களூர்ச் சங்கத்து அன்பர்கள் மூவர் என்னோடு அன்னையாரைப் பார்க்க வந்தனர். அவர்கள் எதிரில் யான் திரிசரணத்தை எடுத்துக்கொடுத்தேன். அன்னையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு முகம் மலர்ந்தது. இரு கைகளையும் உயர்த்தித் தட்டிக்கொண்டு, குரல் எடுத்து, சேரியில் சிறுமியாக இருந்தபோது பாடிய மாரியம்மன் கும்மியைப் பாடத் தொடங்கினார். ஒரு சொல் தவறவில்லை. தம் பெயர் சொல்லத் திணறுகிறவர் நான்கு அடிகளைத் தடையின்றிப் பாடினார்.

அன்பர்கள் ஒருவரையொருவர் பார்த்தனர். எனக்கு உடலெல்லாம் கூசிற்று. எழுந்து சென்று, தட்டிக்கொண்டிருந்த அவர் கைகளை என் கைகளால் பிடித்து நிறுத்தி, "அது வேண்டாம் அம்மா. அது நம்முடையது அல்ல" என்றேன். குரலைச் சற்று உயர்த்தியே சொன்னேன்.

அவர் உடனே நிறுத்தினார். முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். முதுகு வளைந்தது. "தப்பாப் போச்சு சாமி" என்றார்.

சாமி! இச்சொல்லை இந்நாட்டில் யார் யாரை நோக்கி, எந்த நிலையில் நின்று சொன்னார்கள் என்பதை நம்மவரில் வயதானவர்கள் அறிவார்கள். அன்னையாரின் நினைவில் என் முகம் இல்லை. ஆனால் கை பிடித்து அதட்டும் ஆணின் முன் எப்படி நிற்க வேண்டும் என்பது, எழுபது ஆண்டுகளுக்கு முன் ஆண்டையின் களத்துமேட்டில் கற்றபடியே, அழியாமல் இருந்தது. அதை எழுப்பியவன் அவர் மகன். தம்மம் போதிக்கும் மகன்.

அதன் பின் மூன்று வாரம் வீட்டிலே பாட்டில்லை. யான் நிம்மதி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காம் வாரம் தங்கை, அடுப்பருகில் நின்றபடியே, என்னைப் பாராமல் சொன்னாள்: "அம்மா சரியாச் சாப்பிடறதில்ல அண்ணா. பாடிக்கிட்டே ஊட்டினாத்தான் வாயத் தொறப்பாங்க. இப்பப் பாட்டெடுத்தா வாயப் பொத்திக்கறாங்க." குளிப்பாட்டுவதும், உடை மாற்றுவதும், கஞ்சி ஊட்டுவதும் அந்தக் கும்மியின் தாளத்தில்தான் இத்தனை நாளும் நடந்துவந்திருக்கின்றன. வாரத்துக்கு ஒரு நாள் வந்து பரீட்சை நடத்துகிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

அன்றிரவு இரயிலில் அமர்ந்து பகவானின் தம்மத்தில் இசைக்கு என்ன இடம் என்று எனக்குள் வழக்காடிக்கொண்டே வந்தேன். கீதஸ்ஸர சுத்தம் என்று ஒன்று உண்டு. தம்மத்தை நீட்டி இழுத்த பாட்டுக் குரலில் ஓதுவதால் ஐந்து தீமைகள் விளையும் என்று அது கூறுகிறது. பாடுவோன் தன் குரலிலேயே மயங்குவான், கேட்போரும் மயங்குவர், இல்லறத்தார் இவர்களும் நம்மைப்போலவே பாடுகிறார்களே என்று பழிப்பர், குரலைச் செம்மை செய்வதிலே சமாதி குலையும், பின்வருவோரும் இதையே பின்பற்றுவர். இச்சுத்தத்தை யான் மேடைகளில் எடுத்துக் காட்டி, சினிமா மெட்டில் தம்மப் பாட்டுப் பாடும் இளைஞர்களைக் கண்டித்ததுண்டு. ஆனால் அதே விநயத்தில், இனிய சுரத்தோடு ஓதும் ஸரபஞ்ஞம் என்னும் முறைக்குப் பகவான் அனுமதி அளித்தார் என்பதை யான் அழுத்திச் சொன்னதில்லை. அவந்தி நாட்டிலிருந்து வந்த சோண குடிகண்ணர் என்னும் இளம் பிக்கு, விடியற்காலையில் அட்டக வர்க்கம் முழுவதையும் அம்முறையில் ஓதக் கேட்டுப் பகவான் மகிழ்ந்து பாராட்டியதாக உதான நூல் கூறுகிறது.

இன்னும் ஒன்று. இந்திரசாலக் குகையில் பகவான் தங்கியிருக்கையில், பஞ்சசிகன் என்னும் கந்தர்வன் வந்து யாழ் மீட்டிப் பாடினான். அவன் பாடியது என்ன? தான் காதலித்த ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு! அதனுள்ளே புத்தரும் தம்மமும் அருகதர்களும் காதலோடு காதலாகக் கலந்து வருகின்றனர். நம் சங்கத்து மேடையில் எவனாவது அப்படிப் பாடினால் செயலாளர் விளக்கை அணைத்துவிடுவார். ததாகதரோ, உன் யாழின் ஒலியும் உன் குரலும் ஒன்றையொன்று மீறாமல் இணைந்து நிற்கின்றன என்று அவனைப் பாராட்டி, இதனை எப்பொழுது இயற்றினாய் என்றும் விசாரித்தார். கையைப் பிடித்து நிறுத்தவில்லை.

இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தேன். பகவான் பரிநிர்வாணம் அடைந்தபின் இராஜகிருகத்தில் 500 தேரர்கள் கூடியபோது, ஆனந்தர் சுத்தங்களையும் உபாலி விநயத்தையும் நினைவிலிருந்தே ஓதினர். கி.மு. முதலாம் நூற்றாண்டில் இலங்கையில், ஆலுவிகாரையில், ஏட்டில் எழுதும் வரையில் பல நூறாண்டுகள் தம்மம் வாய்வழியாகவே வாழ்ந்தது. அதற்கென்றே பாணகர் என்னும் ஓதுவோர் கூட்டங்கள் இருந்தன. சுத்தங்களிலே ஒரே வாக்கியம் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு, புதிதாகப் படிக்கும் இளைஞர்கள் சலித்துக்கொள்கிறார்கள். அது படிப்பதற்கு எழுதியதன்று அப்பா, கூடி ஓதுவதற்குக் கட்டியது! சொல் தவறினாலும் ஓசை அதனை இழுத்துக்கொண்டு வந்துவிடும். ஓசையும் தாளமும் இல்லாதிருந்தால் தம்மமே நமக்கு வந்து சேர்ந்திராது.

மருத்துவ நூலாரும் இதையொட்டியே பேசுகின்றனர். மறதி நோய் மூளையில் அண்மை நிகழ்ச்சிகளைப் பதிக்கும் பகுதியையே பெரும்பாலும் முதலிற் பற்றுகிறது. ஜெர்மனியில் லைப்ஸிக் நகரத்து மாக்ஸ் பிளாங்க் ஆய்வுக்கூடத்தார் 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நெடுநாள் பழகிய பாட்டை அறிந்துகொள்ள உதவும் மூளைப் பகுதிகள் இந்நோயில் மற்றப் பகுதிகளைவிடக் குறைவாகவே சிதைகின்றன என்று கண்டனர். இங்கிலாந்தில் கிளைவ் வேரிங் என்னும் இசையறிஞர் ஒருவர். 1985இல் மூளைக் காய்ச்சல் கண்டு, சில வினாடிகளுக்கு மேல் எதுவும் நினைவில் தங்காத நிலையை அடைந்தார். சற்றுமுன் அறையைவிட்டுச் சென்ற மனைவி திரும்பி வந்தால் பல்லாண்டு பிரிந்திருந்தவரைப்போல் வரவேற்பார். அத்தகையவர் பியானோவின் முன் அமர்ந்தால் பாட்டை முழுமையாக வாசிப்பார். அறிந்தது வேறு, பழகியது வேறு. நாவும் கையும் பழகியதை நோய் எளிதில் எட்டுவதில்லை. மேலும், பத்து வயது முதல் முப்பது வயது வரையில் கேட்டவையே முதுமையில் மிகத் தெளிவாக நிற்கும் என்பதும் ஆராய்ந்தோர் கண்டது. இசையால் நோய் தீரும் என்று எந்த நல்ல மருத்துவரும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பணம் கேட்பவனை நம்பாதீர்கள்.

இவ்வளவும் எண்ணி முடித்தும் என் மனம் ஆறவில்லை. மாரியம்மன் பாட்டு மாரியம்மன் பாட்டுத்தானே? அம்மன் வழிபாட்டுக்குள்ளே பழைய பௌத்தத்தின் சுவடு உண்டு, அம்பிகையம்மன் ஒரு பௌத்த பிக்குணியே என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு, அன்னையார் பாடியதும் பௌத்தமே என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு மனம் வரவில்லை. அன்னையார் பிக்குணியை நினைத்துப் பாடவில்லை. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலைக் கொத்தோடு நின்ற தம் தாயை நினைத்துப் பாடினார்.

அடுத்த ஞாயிறு தங்கையிடம் கேட்டேன்: "நமக்கு அம்மா பஞ்சசீலம் கற்பித்தார்களே, அந்தத் தமிழ்ப் பாட்டு உனக்கு நினைவிருக்கிறதா?" அன்னையார் எழுதப் படிக்க அறியாதவர். பாலி வாசகம் எங்கள் வாயில் நுழையாத வயதில், ஐந்து சீலங்களையும் எளிய தமிழ்ச் சொற்களில் தாமே கோத்து, மாவு பிசையும்போதும், எங்களுக்குத் தலை வாரும்போதும் பாடிக் காட்டுவார். தங்கை மெல்லப் பாடிக் காட்டினாள். யானும் சேர்ந்து பாடினேன். இரண்டாவது சீலத்துக்கு வரும்போது இருவருமே நிறுத்திவிட்டோம்.

அது அந்தக் கும்மி மெட்டு.

அதே ஏற்றம், அதே இறக்கம், அதே கைத்தட்டு. உயிரைக் கொல்லேன், பிறர் பொருளைக் கவரேன் என்று யான் இவ்வுலகில் முதன்முதல் நாவால் உரைத்தது மாரியம்மன் மெட்டிலேதான். மாலையிட்டு வந்த பத்தொன்பது வயதுப் பெண், தான் பிறந்த சேரியிலிருந்து கொண்டுவந்த ஒரே பாத்திரத்தைக் கவிழ்த்துக் கழுவி, அதிலே புதிய தம்மத்தை ஊற்றி எங்களுக்குப் புகட்டியிருக்கிறார். ஐம்பது ஆண்டு யான் அறியவில்லை. அன்று அன்பர்கள் முன்னே, அது நம்முடையது அல்ல என்று சொன்னேனே!

கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அன்னையாரிடம் சென்று தரையில் அமர்ந்தேன். பரீட்சை கேட்கவில்லை. சீலப் பாட்டைக் கும்மித் தாளத்தில் பாடினேன். என் குரல் தறி ஓசையோடு போட்டியிட்டுக் கெட்ட குரல்; உங்களுக்கே தெரியும். அவர் முந்தானையை வாயருகே கொண்டுபோனார். யான் விடாமல் கையைத் தட்டினேன். மூன்றாம் முறை பாடும்போது முந்தானை இறங்கிற்று. நான்காம் முறையில் அவர் கை எழுந்தது. அவர் பாடினார். அவர் சொல் மாரியம்மனுடையது, என் சொல் பஞ்சசீலத்தினுடையது, தட்டு மட்டும் ஒன்று. நடுநடுவே வாய் திறந்தார், தங்கை ஊட்டினாள், கிண்ணம் காலியாயிற்று. என்னை அடையாளம் கண்டுகொண்டார் என்றோ, திரிசரணம் திரும்பி வந்தது என்றோ நீங்கள் எதிர்பார்த்தால் ஏமாறுவீர்கள். கஞ்சி குடித்தார். அவ்வளவுதான் நடந்தது.

கடைசி மூச்சைப் பற்றிய என் பயத்துக்கு விடை மகாநாமரின் வரலாற்றிலே கிடைத்தது. சாக்கியராகிய மகாநாமர் பகவானிடம் சென்று, மாலையில் கபிலவஸ்துவுக்குள் நுழையும்போது யானைகளும் தேர்களும் மக்கள் நெரிசலும் என்னைக் கலக்கிவிடுகின்றன. புத்தரைப் பற்றிய நினைவும் தம்மத்தைப் பற்றிய நினைவும் சங்கத்தைப் பற்றிய நினைவும் குழம்பிப் போகின்றன. அந்நேரத்தில் இறந்தால் என் கதி என்ன என்று கேட்டார். இரண்டாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் என் கேள்வியை எனக்கு முன்னே ஒருவர் கேட்டு வைத்திருக்கிறார்! அஞ்சவேண்டாம் மகாநாமா என்று பகவான் அவருக்கு ஓர் உவமை சொன்னார். நெய்க் குடத்தை ஆழ்ந்த நீரில் மூழ்கவைத்து உடைத்தால், ஓடுகள் கீழே போகும், நெய் மேலே வரும். சிரத்தையிலும் சீலத்திலும் ஈகையிலும் நெடுங்காலம் பழகிய சித்தம் அத்தகையது. இன்னொரு முறை இதே கேள்விக்கு, கிழக்கே சாய்ந்து வளர்ந்த மரம் வெட்டுண்டால் எப்பக்கம் விழும் என்று அவரையே கேட்டார். உடையும் நேரத்தில் குடம் மந்திரம் சொல்லவேண்டும் என்று பகவான் எங்கும் விதிக்கவில்லை. நான்கு மாதம் முயன்றும் ஒரு சுலோகத்தை மனத்தில் நிறுத்த மாட்டாத சுள்ளபந்தகரை, தமையனே மடத்தைவிட்டு அனுப்பியபோது, பகவான் அவர் கையில் ஒரு வெள்ளைத் துணியைக் கொடுத்துத் தேய்க்கச் சொன்னாரே தவிர, சுலோகத்தைத் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை.

இப்பொழுது எங்கள் ஞாயிறுகள் எப்படி நடக்கின்றன என்பதை, பயன்படுவோருக்காகச் சொல்கிறேன். காலை வேளையிலேயே போய்ச் சேர்கிறேன். மாலையானால் இந்நோயாளருக்குக் கலக்கம் மிகும். எதிரே நின்று நான் யாரென்று கேட்பதில்லை. பக்கத்தில் அமர்ந்து என் பெயரை யானே சொல்லிவிடுகிறேன். அண்ணனா என்று கேட்டால் மறுப்பதில்லை, அண்ணனைப் பற்றிச் சொல்லுங்கள் என்கிறேன். எத்தனை சங்கதி வருகிறது! 1961இல் பாசமலர் படத்தைக் கீற்றுக் கொட்டகையில் அண்ணனோடு பார்த்தாராம். அப்படத்தில் விசுவநாதன் இராமமூர்த்தி இசையில் சௌந்தரராஜனும் சுசீலாவும் பாடிய தாலாட்டை என் மருமகள், அதாவது தங்கையின் மகள், தன் செல்பேசியிலே போட்டாள். கேட்டதும் அன்னையார் கண்ணீர் விட்டார். யான் பதறி நிறுத்தச் சொன்னேன். அவர் அந்தப் பெண்ணின் கையைப் பற்றிக்கொண்டு விடவில்லை. அழுகையெல்லாம் துன்பமன்று என்று அன்று கண்டேன். ஆனால் ஒப்பாரி மெட்டு ஒன்று வந்தபோது முகம் வேறு விதமாகச் சுருங்கிற்று, அதை உடனே நிறுத்தினோம். முகத்தைப் பார்த்துத்தான் நடக்கவேண்டும், வேறு சட்டமில்லை. ஓசையைத் தாழ்த்தி வையுங்கள். வேறு சத்தம் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஒரே பாட்டைப் பத்துத் தரம் கேட்கச் சலிக்காதீர்கள். உங்களுக்குத்தான் அது பத்தாவது தரம். வாரம் ஒரு நாள் வந்து பாடிவிட்டுப் போகும் என்னைப் போன்றவர்கள் பெருமை கொள்ள ஒன்றுமில்லை. மற்ற ஆறு நாளும் குளிப்பாட்டித் துடைப்பவள் தங்கை. எனக்குப் பணி செய்ய விரும்புவோன் நோயுற்றவனுக்குப் பணி செய்யட்டும் என்று பகவான் சொன்னதை அவள் படித்ததில்லை.

அன்று என்னோடு வந்த அன்பர்களில் ஒருவர் பின்னர் என்னைத் தனியே அழைத்து, "எங்கள் தாயாரும் இப்படித்தான் ஐயா பாடுவார். வெளியே தெரியாமலிருக்கக் கதவைச் சாத்திவிடுவோம்" என்றார். அவர் இப்பொழுது இக்கூட்டத்தில் இருக்கிறார். பெயர் சொல்லேன். கதவைத் திறந்துவிட்டாரா என்று பிறகு கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற வாரம் அன்னையாரின் குரல் மிகவும் தாழ்ந்துவிட்டது. கட்டிலில் படுத்தபடியே இரண்டு விரலால் போர்வையின்மேல் தட்டிக்கொண்டு எதையோ முணுமுணுத்தார். யான் குனிந்து காதைக் கொடுத்தேன். ஆலையின் தறிக்கூடம் என் இடக் காதை முழுவதும், வலக் காதைப் பாதியும் வாங்கிக்கொண்டுவிட்டது. கும்மியா, பஞ்சசீலமா, திரிசரணமேதானா, எனக்கு விளங்கவில்லை. மருமகளைக் கூப்பிட்டு, "பாட்டி என்ன பாடுகிறார்கள், கேட்டுச் சொல்" என்றேன். அவள் பாட்டியின் வாயருகே காதை வைத்து நெடுநேரம் கேட்டாள்.

"வார்த்தை ஒண்ணும் புரியல மாமா. தாளம் மட்டும் சரியா இருக்கு" என்றாள்.